காரோல் ஆடும் மறைந்த எழுவாயும்

சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் காரோல் செம்மறி உருவில் சிறியது. எனினும் ஒரே ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள் ஈனும். 1790களில் கொல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வங்காள ஆடுகளின் வழியே இப்பண்பு அந்நாட்டுப் பூரூலா மெரினோவை அடைந்ததாக ஆய்வாளர் கருதுகின்றனர். 2001இல் இனங்காணப்பட்ட ஒரே மரபணு மாற்றம் இரண்டிலும் உள்ளது.

அதே ஆண்டில் இந்தியா இயற்றிய சட்டம், பயிர் இரகங்களைப் பேணிய உழவருக்கு உரிமை வழங்கியது. கால்நடை இனங்களைப் பேணியோர்க்கு அத்தகைய தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. எந்தக் கிடாவை நிறுத்துவது, எதைக் கழிப்பது என்பது தலைமுறைகளின் தேர்வு. அதனை இயற்கையின் கொடை என்றெழுதுகையில் தேர்ந்தவர் மறைகிறார்; மொழியியல் பயின்ற எனக்கு, அது எழுவாயை விழுங்கிய வாக்கியம். இனத்திற்குப் பதிவெண் தரும் அரசு, வளர்த்தோர்க்கு உரிமையும் தரவேண்டும்.