சாய்தளமும் கையொப்பமும்

அரசு அலுவலகத்தின் வாயில் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆயினும் அவ்வாயிலுக்கு முன்னே படிகளை மட்டும் கட்டிவிட்டு, நடக்க இயலாதவரை உடன் வந்தவர்கள் தூக்கிச் சென்று உள்ளே விடட்டும் என்று விட்டுவிடுவோமானால், தம் உரிமையைக் கேட்க வந்தவர் முதலில் பிறருடைய இரக்கத்தைக் கேட்டாக வேண்டியவராகிறார். இரக்கமுடையோர் அருகில் இல்லாத நாளில் அவர் வாயிலோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்நிலை மாற வேண்டும் என்பதை நாடாளுமன்றம் இருமுறை சட்டமாக்கியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்னும் சொற்களைச் சேர்த்துக்கொண்டதால், செய்யாமலிருப்பதற்கும் அதிலேயே இடம் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ அவ்வழியை அடைத்தது. பொதுக் கட்டடங்கள் யாவும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள், மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்கத்தக்கவையாக மாற்றப்பட வேண்டும் என்று அது கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022 ஜூனில் முடிந்தது. அந்நாள் எவர் கவனத்தையும் ஈர்க்காமல் கழிந்தது என்பதே இச்சட்டத்துக்கு நாம் அளித்துவரும் மதிப்பைக் காட்டப் போதுமானது.

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி, பொது இடங்கள் தம்மைப் போன்றோர்க்கும் பயன்பட வேண்டும் என்று கோரி 2005-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017-இல் விரிவான ஆணைகள் கிடைத்தன. அவை நிறைவேறின என்று நீதிமன்றத்தால் நிறைவு கொள்ள முடியவில்லை. 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில், சட்டம் கட்டாயமாக்கியதை விதி வெறும் பரிந்துரையாகத் தளர்த்திவிட்டது என்று கூறி, அவ்விதியைச் செல்லாததாக்கி, மூன்று மாதங்களுக்குள் கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. மனுவிலிருந்து இத்தீர்ப்பு வரை பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தரம் என்று ஏட்டில் உள்ளது கண்முன் என்னவாகிறது என்பதை நம் ஊர் அலுவலகம் எதன் முன் நின்றாலும் காணலாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய கணக்கு. அரையடி உயரமுள்ள மூன்று படிகளுக்கு ஈடாக அது பதினெட்டு அடி நீள வேண்டும். நாம் காண்பதோ பெரும்பாலும் ஆறேழு அடியில் முடிந்துவிடும் செங்குத்துச் சரிவு; சக்கர நாற்காலியில் இருப்பவர் தம் கைவலிமையால் ஏற முயன்றால் பின்னோக்கிச் சாயும் சரிவு. கைப்பிடி ஒருபுறம் இருக்கும், அல்லது இராது. அடிவாரத்தில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். இவற்றையெல்லாம் கடந்து ஏறியவருக்கு, தேடி வந்த அலுவலகம் மின்தூக்கியில்லாத மாடியில் இருப்பது தெரியவரும். இத்தகைய சரிவுக்கும் கோப்பில் 'அமைக்கப்பட்டது' என்றே பதிவு உண்டு.

சாலையிலும் இதே நிலைதான். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியமை, மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் நீதிமன்றப் படியேறிப் பல்லாண்டு போராடியதன் பயன். அரசுக்கும் அதில் பாராட்டு உண்டு. ஆனால் அப்பேருந்தின் வாயிலிலிருந்து விரியும் பலகையைச் சரிவர இறக்க, வண்டி நடைபாதையை ஒட்டி நின்றாக வேண்டும். நிறுத்தத்தின் முன்னே ஆட்டோக்களும் கடைகளும் இடம்பிடித்திருக்க, பேருந்து சாலை நடுவே நின்றுவிடுமானால், பலகை இருந்தும் பயனில்லை. நடைபாதையில் இருசக்கர வண்டிகள் ஏறாதிருக்க நெருக்கமாக நட்ட கம்பங்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன.

நம்மால் இயலாத பணி இதுவென்று எவரும் சொல்ல முடியாது. மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை, திறந்த இரு வாரங்களில் மாண்டஸ் புயலால் சேதமுற்றது. சீரமைத்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். தேர்தல் நாளில் பள்ளிகளில் அமையும் வாக்குச்சாவடிகளில் சாய்தளமும் சக்கர நாற்காலியும் வந்துசேர்கின்றன. எல்லோர் பார்வையும் படும் இடத்தில் விரைந்து செய்யத் தெரிந்த நமக்கு, மறுநாள் அதே பள்ளிக்கு மகளைச் சேர்க்க வரும் தந்தைக்காக அதைச் செய்யத் தோன்றவில்லை.

கட்டடத் திட்டத்துக்கு ஒப்புதலும், பணி முடிந்ததும் நிறைவுச் சான்றும், தரத்துக்கு இணங்காத எதற்கும் வழங்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ஒவ்வொரு தவறான சரிவுக்கும் பின்னே ஓர் அலுவலரின் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கையொப்பத்துக்கு இதுவரை எவரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழக சட்டமன்றம் 2025 ஏப்ரலில் வழிசெய்திருக்கிறது. தத்தம் ஊரில் எழும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்தையும் அவர்கள் நேரில் ஏறிப் பார்த்து ஒப்பாத வரையில் நிறைவுச் சான்றில் கையொப்பமிடலாகாது என்று அரசு ஓர் ஆணை பிறப்பிக்கட்டும். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் வேண்டியதில்லை.