கையில காசா, கணக்கில பாயின்ட்டா? ஹோட்டல் ரூம் போடும்போது எது லாபம்?

இரவு பத்தரை மணி. வைட்ஃபீல்டில் ஷிஃப்ட் இப்போதுதான் முடிந்திருக்கிறது. மாரிக்குப்பம் போகும் கடைசி ரயிலைத் தவறவிட்டுவிட்டீர்கள். காலை எட்டு மணிக்கு மறுபடியும் மீட்டிங். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், இப்படி ஒரு ராத்திரி எப்போதாவது வந்திருக்கும்.

போனைத் திறக்கிறீர்கள். ஒரே ஹோட்டல், ஒரே ரூம், இரண்டு விலை. புக்கிங் ஆப்பில் கூப்பன், கார்டு சலுகை எல்லாம் போக வரியோடு 4,150 ரூபாய். ஹோட்டல் சங்கிலியின் சொந்தத் தளத்தில் 4,500 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,725. ஆனால் அங்கே பாயின்ட் கிடைக்கும். ஆப்பில் போட்டால் கிடைக்காது. மேரியட், ஹில்டன், ஐஹெச்ஜி போன்ற பெரிய சங்கிலிகளில் விதி பொதுவாக இதுதான்: வெளித்தளம் வழியாக வந்த புக்கிங்குக்குப் பாயின்ட்டும் இல்லை, அந்த இரவு உங்கள் உறுப்பினர் அந்தஸ்துக்கான கணக்கிலும் சேராது.

575 ரூபாய் வித்தியாசம். பாயின்ட் அதை ஈடுகட்டுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

மேரியட் பான்வாயை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயின்ட். வரி கழித்த ரூம் வாடகைக்குத்தான் பாயின்ட், வரிக்குக் கிடையாது. டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 4,500 ரூபாய்க்கு சுமார் 511 பாயின்ட்.

ஒரு பாயின்ட்டின் மதிப்பு என்ன? இதை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை. நீங்களே கண்டுபிடிக்கலாம். நீங்கள் உண்மையிலேயே தங்கப்போகும் ஓர் ஹோட்டலை அதே தேதிக்குக் காசாகவும் பாயின்ட்டாகவும் தேடுங்கள். வரியோடு சேர்ந்த காசு விலையை, கேட்கும் பாயின்ட்டால் வகுங்கள். 9,000 ரூபாய் ரூமுக்கு 15,000 பாயின்ட் கேட்டால், பாயின்ட் ஒன்று 60 பைசா. 5,250 ரூபாய் ரூமுக்கும் அதே 15,000 கேட்டால் 35 பைசாதான். கவனியுங்கள், பாயின்ட் மாறவே இல்லை. நீங்கள் செலவு பண்ணும் இடம்தான் மாறியது.

தாராளமாக 60 பைசா என்றே வைப்போம். 511 பாயின்ட் = சுமார் 307 ரூபாய். தள்ளுபடியோ 575 ரூபாய். அதுவும் இன்றைக்கே, உங்கள் வங்கிக் கணக்கில். தள்ளுபடி 268 ரூபாயில் ஜெயிக்கிறது.

இதைச் சுருக்கினால் ஒரு எண் கிடைக்கும். 88 ரூபாய் செலவுக்கு 10 பாயின்ட், அதாவது 6 ரூபாய்: கிட்டத்தட்ட 7 சதவீதம். ஆப்பில் தள்ளுபடி 7 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆப், அதற்குக் கீழே என்றால் நேரடி புக்கிங். உங்கள் பாயின்ட் 35 பைசாதான் என்றால் இந்தக் கோடு 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எல்லாத் திட்டமும் இப்படிச் சுற்றிவளைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாஜ், ஜிஞ்சர் ஹோட்டல்களை நடத்தும் ஐஹெச்சிஎல் பயன்படுத்தும் டாடாவின் நியூகாயினில், ஒரு காயின் ஒரு ரூபாய். கால்குலேட்டர் தேவையில்லை.

7,500 ரூபாய் என்ற பள்ளம்

பாயின்ட்டா தள்ளுபடியா என்ற விவாதத்தில் பலர் மறந்துவிடுவது வரியை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு அது 12. ஆனால் 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும்.

7,800 ரூபாய் ரூம், 18 சதவீத வரியோடு 9,204. அதே ரூமை ஹோட்டல் 7,400-க்குக் கொடுத்தால், 5 சதவீத வரியோடு 7,770. தள்ளுபடி 400 ரூபாய்தான், ஆனால் பையில் மிச்சம் 1,434 ரூபாய். 7,800 ரூபாய்க்குக் கிடைக்கும் 886 பாயின்ட்டை 60 பைசா கணக்கில் பார்த்தால் 532 ரூபாய். போட்டியே இல்லை.

ஒரு நுணுக்கம்: ஹோட்டலே விலையைக் குறைத்தால்தான் வரிப் படி இறங்கும். ஆப் தன் கைக்காசில் தரும் கூப்பனோ வங்கிக் கார்டின் கேஷ்பேக்கோ ஹோட்டலின் வாடகையைக் குறைக்காது. அதனால் பணம் கட்டும் முன் கடைசித் திரையில் வரி எவ்வளவு என்று பாருங்கள். மேலே அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலையைப் பார்க்கவே வேண்டாம்.

அதே திரையில் இன்னொன்றும் பாருங்கள்: ரத்து செய்தால் பணம் திரும்புமா? மலிவான விலை பெரும்பாலும் ‘நான்-ரீஃபண்டபிள்’. 12.5 சதவீதம் தள்ளுபடிக்கு அதை ஏற்கிறீர்கள் என்றால், எட்டு புக்கிங்கில் ஒன்றுக்கு மேல் ரத்தாகாது என்று பந்தயம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கடைசி நேரத்தில் தேதியை மாற்றும் மேனேஜர் உங்களுக்கு இருந்தால், இந்தப் பந்தயத்தில் தோற்க வாய்ப்பு அதிகம்.

‘இந்த விலையில் இன்னும் ஒரே ஒரு ரூம்’ என்ற சிவப்பு எழுத்துக்குப் பதற வேண்டாம். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காமலே இன்ஷூரன்ஸைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள 13 தடை செய்யப்பட்ட உத்திகளில் அடக்கம். புகாருக்கு 1915.

அப்போ பாயின்ட் யாருக்கு?

ரூம் வாடகை யார் காசு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கம்பெனி செலவில் மாதம் மூன்று, நான்கு இரவு சென்னை, ஹைதராபாத் என்று போகிறவராக இருந்தால், தள்ளுபடி உங்களுக்கு வராது, கம்பெனிக்குத்தான் போகும். பாயின்ட் மட்டும் உங்கள் பெயருக்கு வரும். அப்படிப்பட்டவர்கள் உறுப்பினர் எண்ணைக் கொடுக்காமல் செக்-இன் செய்வது பணத்தை ரிசப்ஷனிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி. டிராவல் டெஸ்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரூம், ஹோட்டலின் கார்ப்பரேட் விலையில் போடப்படுகிறதா, வெளித்தளம் வழியாகவா? முதலாவது என்றால் பொதுவாகப் பாயின்ட் சேரும். பாயின்ட்டுக்காகவே கம்பெனியை விலை கூடிய ஹோட்டலுக்கு இழுக்காதீர்கள், அது வேறு கதையில் போய் முடியும்.

சொந்தக் காசில் வருடத்துக்கு ஐந்தாறு இரவு தங்குபவருக்கு? என் பார்வையில் தள்ளுபடிதான். உறுப்பினர் அந்தஸ்து என்ற ஆசையையும் எண்ணிப் பாருங்கள். மேரியட்டில் சில்வருக்கு 10 இரவு, கோல்டுக்கு 25, பிளாட்டினத்துக்கு 50. காலை உணவு மாதிரி கண்ணுக்குத் தெரியும் சலுகை பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான் தொடங்குகிறது. சில்வருக்குக் கிடைப்பதில் முக்கியமானது 10 சதவீதம் கூடுதல் பாயின்ட். நம் கணக்கில் 511, 562 ஆகும். 30 ரூபாய்!

பாயின்ட் என்பது யார் அச்சடிக்கும் நோட்டு?

ஹோட்டல் கம்பெனி அச்சடிக்கும் நோட்டு அது. மதிப்பையும் அவர்களே தீர்மானிப்பார்கள். 2022 மார்ச்சில் மேரியட், எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்ற நிலையான அட்டவணையையே கைவிட்டது. அதன்பிறகு தேவைக்கேற்ப பாயின்ட் விலை ஏறி இறங்குகிறது. பொங்கல் வாரத்தில் காசு விலை ஏறும்போது பாயின்ட் விலையும் ஏறலாம். சும்மா கிடந்தால் காலாவதியும் ஆகும்: கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மேரியட்டில் 24 மாதம், ஐஹெச்ஜியின் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம். கம்பெனியே போய்விட்டால்? கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, கிங் கிளப்பில் மைல் சேர்த்தவர்கள் கையில் எண்கள்தான் மிஞ்சின.

தங்கவயல் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘அப்புறம் தருவோம்’ என்ற வார்த்தையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, வேலை, நிலுவை, குடியிருந்த வீடு என்று எத்தனை அப்பாக்கள் கோர்ட் படி ஏறினார்கள். ஹோட்டல் பாயின்ட்டை அந்த இழப்போடு ஒப்பிடுவது அபத்தம், தெரியும். ஆனால் ‘கையில காசு, வாயில தோசை’ என்ற புத்தி அந்த ஊர்க்காரர்களுக்கு அனுபவத்தில் வந்தது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சேர்த்த பாயின்ட்டை எங்கே செலவு பண்ணுவீர்கள்? அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வரும் சொந்தங்களுக்கு ரூம் போடுவது ராபர்ட்சன்பேட்டை லாட்ஜில். அங்கே மேரியட்டும் இல்லை, தாஜும் இல்லை. செப்டம்பரில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போனாலும் பெரும்பாலும் தனி ஹோட்டல், விடுதிதான். பாயின்ட் பெங்களூரில் சேருகிறது, வாழ்க்கை வேறு ஊர்களில் நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது சங்கிலி ஹோட்டல் உள்ள ஊருக்கு நிச்சயம் போவீர்கள் என்றால் மட்டும் சேருங்கள். கிரெடிட் கார்டுக்கும் இதே சோதனை. 2023-ல் மேரியட்டும் ஹெச்டிஎஃப்சியும் சேர்ந்து கொண்டுவந்த கார்டுக்கு, அறிமுகத்தின்போது ஆண்டுக்கட்டணம் ஜிஎஸ்டியோடு 3,540 ரூபாய். பதிலுக்கு 15,000 பாயின்ட் வரை மதிப்புள்ள ஓர் இலவச இரவு. 7,000 ரூபாய் ரூமில் அந்த இரவைக் கழித்தால் லாபம். காலாவதியானால் நீங்கள் 3,540 ரூபாய் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் அட்டை வாங்கியிருக்கிறீர்கள்.

மூன்றாவது வழி: ஒரு போன்

ஆப்கள் ஹோட்டலிடம் எடுக்கும் கமிஷன் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம் வரை. அப்படியென்றால் ஹோட்டல் தன் சொந்தத் தளத்தில் குறைத்துக் கொடுக்கலாமே? அதற்குத்தான் விலைச் சமநிலை ஒப்பந்தம் என்ற பூட்டு இருந்தது: எங்கள் தளத்தைவிட வேறெங்கும், உங்கள் தளத்திலும்கூட, குறைத்து விற்கக்கூடாது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. இத்தகைய நிபந்தனைகளை ஒப்பந்தத்திலிருந்து நீக்கச் சொல்லி மேக்மைட்ரிப்புக்கு உத்தரவும் போட்டது.

அந்த உத்தரவு உங்களுக்குப் பயன்படுவது சின்ன ஹோட்டல்களில்தான். ஆப்பில் 1,400 ரூபாய் காட்டும் லாட்ஜில், 20 சதவீதக் கமிஷன் போனால் உரிமையாளருக்கு வருவது 1,120. நீங்கள் நேரடியாக 1,200 கொடுத்தால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். அதனால் ராபர்ட்சன்பேட்டையோ வைட்ஃபீல்டோ, பட்டனை அழுத்தும் முன் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போட்டு, ‘அண்ணா, ஆப்ல 1,400 காட்டுது, நேரா வந்தா எவ்ளோ?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விலையில் ஜிஎஸ்டி அடக்கமா என்பதையும் சேர்த்து.