மலிவு சார்ஜர் வீட்டு வயருக்குள் அனுப்பும் இரைச்சல்: அளப்பது எப்படி?

கோலாலம்பூர் - தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் எல்.இ.டி. சர விளக்குகளும் சார்ஜர்களும் கடை கடையாகத் தொங்கும். எரியுதா, சூடாகாம இருக்கா என்று பார்த்து வாங்கிவிடுகிறோம். செருகிய பிறகு அது மின்கம்பிக்குள் எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இன்றைய சார்ஜர், மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால்தான் உள்ளங்கையில் அடங்குகிறது. அந்த வெட்டலில் பிறக்கும் இரைச்சல் வீட்டு வயருக்குள் ஓடும். வயரே ஆன்டெனா மாதிரி ஆகிவிடும். பக்கத்து அறை ஏ.எம். வானொலி 'ர்ர்ர்' என்று இரையும்.

இதைத் தடுக்க சார்ஜருக்குள் ஒரு சுருளும் ஓரிரு கெப்பாசிட்டர்களும் கொண்ட வடிகட்டி வேண்டும். அதை வைக்காவிட்டாலும் போன் சார்ஜ் ஆகும். சிக்கலே அங்குதான். தயாரிப்பாளருக்குச் சில காசு மிச்சம், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது.

சரி, சுவர் பிளக்கிலேயே அளக்கலாமே? முடியாது. பழைய கடைவீட்டு வயரிங் ஒரு மாதிரி, புது அடுக்குமாடி வேறு மாதிரி. ஒரே சார்ஜருக்கு இடத்துக்கு இடம் வேறு எண் வரும். பக்கத்து வீட்டு இரைச்சலும் கலந்துவிடும்.

அதற்காக ஆய்வுக்கூடத்தில் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே 'லிஸ்ன்' என்ற பெட்டியை வைக்கிறார்கள். அதிலுள்ள 50 மைக்ரோஹென்றி சுருள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு வெறும் 0.016 ஓம் தடைதான். 150 கிலோஹெர்ட்ஸ் இரைச்சலுக்கோ சுமார் 47 ஓம். ஆக, மின்சாரம் தாராளமாகப் போகும். இரைச்சல் சுவர்ப் பக்கம் எளிதில் போகாது, அங்கிருந்து வரவும் செய்யாது. சார்ஜரின் இரைச்சல் ஒரு கெப்பாசிட்டர் வழியாக 50 ஓம் அளவுக்கருவிக்குப் போகிறது. 230 வோல்ட்டை அந்தக் கெப்பாசிட்டர் தடுத்துவிடும். ஷா ஆலமில் அளந்தாலும் ஜெர்மனியில் அளந்தாலும் சார்ஜர் சந்திப்பது ஒரே வகைத் தடையைத்தான்.

அளக்கும் எல்லை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. வீட்டுக் கணினிச் சாதனங்களுக்கான அனைத்துலக விதிப்படி, 500 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே சராசரி இரைச்சல் 200 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதாவது, ஒரு வோல்ட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

ஓர் எச்சரிக்கை: இந்தப் பெட்டியை வீட்டில் செருகிப் பார்க்காதீர்கள். பெரிய வகைகளில் கணிசமான மின்னோட்டம் எர்த்துக்குப் போகும். எர்த் இணைப்பு விட்டுப்போனால் பெட்டியைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

இரைச்சல் வானொலியோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்த 9 மின்னியல் மீட்டர்களில் 5, உண்மைப் பயன்பாட்டைவிடக் கூடுதலாகக் காட்டின. அதிகபட்சம் 582 விழுக்காடு. 2017-இல் இது பெரிய செய்தியானது. டிம்மரில் போட்ட எல்.இ.டி., சிக்கன விளக்குகளே காரணம். நம் வீட்டு மீட்டரும் அப்படித்தான் என்று இதற்கு அர்த்தமில்லை.

எரிசக்தி ஆணையத்தின் சிரிம்-எஸ்.டி. லேபல் முதன்மையாக மின் அதிர்ச்சி, தீ போன்ற ஆபத்துகளைப் பற்றியது. இரைச்சல் சோதனை வேறு. லேபலே இல்லாத சார்ஜரில் இரண்டையும் யாரும் பார்த்ததற்கு அடையாளமே இல்லை.