மொழி செய்வது யாருக்காக?



தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் குளச்சல், தூத்தூர்ப் பக்கத்துப் படகுக்காரர்களும் கொச்சி வியாபாரிகளும் தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொள்வார்கள். யாரும் உட்கார்ந்து வகுத்த பேச்சல்ல. மீன் பதம் கெடுமுன் விலை படியவேண்டும், அவ்வளவுதான். ‘புது நிரல்மொழிகளை இனி ஏஐ-யே உருவாக்குமா?’ என்று கல்லூரி வாசகர் ஒருவர் கேட்டபோது, அந்தப் பேச்சுதான் நினைவில் ஓடியது.

ஏற்கெனவே உருவாக்கிவிட்டது. ஆஸ்திரேலிய நிரலாளர் ஜெஃப்ரி ஹன்ட்லி, க்ளாட் என்னும் ஏஐ-யைச் சுமார் மூன்று மாதம் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ‘கர்ஸ்ட்’ என்றொரு மொழியைக் கம்பைலரோடு 2025-இல் வெளியிட்டார். ‘கோ’ என்னும் நிரல்மொழியின் சாயல். சொற்கள் மட்டும் இன்றைய விடலைகளின் ஆங்கிலம். கெட்டிக்காரத்தனமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சிக்கலும் வந்து அதைக் கேட்கவில்லை.

‘எழில்’ அப்படியல்ல. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கி, 2013-இல் பொதுவில் வைத்த தமிழ் நிரல்மொழி. ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் நிரல் எழுதிப் பழகட்டும் என்பது நோக்கம். திரையில் காட்ட ‘பதிப்பி’. அதைவிட எனக்குப் பிடித்தது நிபந்தனை. பைத்தான் நிரல்மொழியில் ‘இஃப்’ (if) முன்னால் நிற்கும். எழிலில் @( வயது > 18 ) ஆனால் என்று நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பின்னால். நாம் வாய்திறந்து பேசும் வரிசை அது. ‘தமிழ் மொழி ஒன்று செய்’ என்று ஏஐ-யிடம் சும்மா சொன்னால், பைத்தானுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டித் தந்துவிடும் என்றே அஞ்சுகிறேன். அது படித்ததில் பைத்தான் மலைபோல், எழில் கைப்பிடியளவு. ஏஐ நாளை தானே ஒரு மொழி செய்தாலும் இதே கதிதான்: படித்துப் பழக நிரல்கள் இராது, இலக்கணத்தை ஒவ்வொரு முறையும் ஊட்டவேண்டும்.

ஏஐ-க்கு இதில் வேலை இல்லாமல் இல்லை. பிழைச் செய்தியைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்வது, எடிட்டர், பாடப் பயிற்சி என்று தனியாளின் மாலைநேரங்களைத் தின்னும் வேலைகளை ஏஐ-யிடம் தாராளமாகத் தள்ளலாம். எந்தப் பிள்ளைக்கு, எதற்காக என்பதை மட்டும் நாம் சொல்லவேண்டும்.

எழிலில் எழுதிப்பார்த்த மாணவர்களோ ஆசிரியர்களோ உங்களில் இருந்தால், எங்கே இடறியது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்