முதலில் நின்றால் ஜெயித்த மாதிரியா?

குட்டீஸ்... கார் பந்தயத்தில், இளம் வீரர் ஜெயிப்பாரா என்று கணிக்க ஆசையா? அவர் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறார் என்று முதலில் பாருங்க!

'பார்முலா 1' பந்தயம், 300 கி.மீ.,க்கு மேல் நடக்கும். 'ஸ்பிரின்ட்' எனும் குட்டிப் போட்டியோ, 100 கி.மீ., தான். பின்னால் நிற்பவருக்கு, முந்திச் செல்ல அவகாசம் குறைவு. 2023ல், கத்தாரில், புதுமுகம் ஆஸ்கர் பியாஸ்ட்ரி முதலிடத்தில் கிளம்பி, ஸ்பிரின்ட்டில் ஜெயித்தார்.

மே, 2025ல், அமெரிக்காவின் மியாமியில், இத்தாலி வீரர் கிமி அன்டோனெல்லி, முதலிடத்தில் நின்றார். வயது, 18 தான்! அவ்வளவு சின்ன வயதில், அதுவரை யாரும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை. 'இவர்தான் ஜெயிப்பார்' என, என் நோட்டில் பேனாவாலேயே எழுதிட்டேன்.

நடந்தது என்ன தெரியுமா? ஈரமான பாதை. முதல் வளைவில், பக்கத்தில் கிளம்பிய பியாஸ்ட்ரி உள்பக்கம் நுழைய, கிமி பாதையை விட்டு விலகி, நான்காம் இடத்துக்குப் போய் விட்டார். அப்புறம், டயர் மாற்ற வந்த இடத்தில், வெர்ஸ்டாப்பனின் கார் இடித்தது. பாவம், டயர் மாற்றாமலேயே திரும்பினார்! கடைசியில், ஏழாம் இடம்.

இடித்ததை யாராலும் கணிக்க முடியாது, அதை விடுங்க. முதல் வளைவை கணித்திருக்கலாம். அதற்கு முன் அவர் பார்த்தது, ஐந்தே பந்தய வாரங்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு, கிளம்பும் இடத்தோடு, முதல் வளைவுகளில் அவர் இதுவரை எப்படி ஓட்டினார் என்றும் பாருங்க. அப்புறம் எழுதுங்க... பென்சிலால்!