ஏன் என்று கேட்டோம், இணைப்பை விட்டோம்!



ஆண்டு மலர் என்றாலே கவிதை, சுற்றுலா அனுபவம், நகைச்சுவைத் துணுக்கு என்று எழுதுவதுதான் வழக்கம். நானோ எங்கள் வீட்டு இன்டர்நெட் கனெக்‌ஷனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளைக்கே இது உங்கள் வீட்டுக் கதையாகவும் ஆகலாம்!

எங்கள் வீடு தட்டாஞ்சாவடியில். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது, வீட்டுல நெட் இல்லாம எப்படி?" என்று அப்பாவே போய் டெபாசிட் கட்டி இணைப்பு வாங்கினார். மாதப் பணம் ஒருமுறைகூட தேதி தவறியதில்லை.

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் நேரத்தில் வந்தது வினை. எனக்குத் தேவையான புரோகிராம் கோப்புகள் இருந்த ஒரு வலைத்தளம் திறக்கவே இல்லை. என் பழைய லேப்டாப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். தோழியின் செல்போன் டேட்டாவில் போட்டுப் பார்த்தால் உடனே திறந்தது. அப்படியென்றால் கோளாறு எங்கே?

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரே பாட்டு. "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." மூன்று நாளும் இதே பதில். நான்காம் நாள் ஒருவர் உண்மையைச் சொன்னார்: "அது பிளாக் பண்ணின சைட்டுங்க." யார் சொல்லி, எதற்காக என்று கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார்.

அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் ஆபீசுக்குப் போனார். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுய்யா, வீட்டுல படிச்சவங்க இருந்தா வரச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா தலை நிமிராமல் சொன்னார்: "நம்ம வீட்டுல படிச்சவ நீதானம்மா. நீ போய்க் கேளு."

போனேன். படித்தவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது! காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்றேன், முடியாது என்றார்கள். அடுத்த வாரமே மோடத்தைத் திருப்பிக் கொடுத்து இணைப்பைத் துண்டித்தோம்.

இது என் ஒருத்தியின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். நம்மில் வி.எல்.சி. பிளேயரில் படம் பார்க்காதவர் யார்? 1996இல் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் ப்ராஜெக்டாகத் தொடங்கிய மென்பொருள் அது. 2022இல் அதன் வலைத்தளம் இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. சில நிறுவனங்களில் திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. ஏன் என்று அதை உருவாக்கியவர்களுக்கே யாரும் சொல்லவில்லை. அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது.

2012இல் நடந்ததையும் பாருங்கள். '3' என்ற தமிழ்ப் படம் திருட்டுத்தனமாக வெளிவராமல் இருக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். திருட்டைத் தடுப்பது நியாயம்தான். ஆனால் நிறுவனங்கள் என்ன செய்தன? விமியோ போன்ற தளங்களையே முழுசாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும், தளம் முழுவதையும் அல்ல என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

தடுப்பது எப்படி என்பது நமக்குப் பாடம்தான். தளத்தின் பெயரைத் தட்டியதும் நம் கம்ப்யூட்டர் அதன் எண் முகவரியை நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கிறது. அங்கேயே தவறான பதிலைக் கொடுத்துவிட்டால் தளம் திறக்காது. பார்ப்பவருக்கு அது கோளாறு மாதிரியே தெரியும். அதனால்தான் "மோடத்தை ஆஃப் பண்ணுங்க" என்று நம்மை ஏமாற்ற முடிகிறது.

"கெட்ட தளங்களைத் தடுக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களையும் மோசடித் தளங்களையும் தடுக்கத்தான் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அரசுக்குச் சில காரணங்களுக்காக அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்றது, ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சுட்டிக்காட்டியது. 2009ஆம் ஆண்டு விதிகளோ அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. எழுதிய காரணத்தைப் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன பயன்? ஒரு கடையைச் சீல் வைத்தால்கூடக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே! தடுத்தது அரசா, நீதிமன்றமா, நிறுவனமா என்று சொல்ல வேண்டும். தடுக்கும் உரிமை இருந்தால் சொல்லும் கடமையும் உண்டு என்பதே என் கட்சி.

இணைப்பை விடுவது நம் கையில் உள்ள ஆயுதம்தான். ஆனால் அதுவே கடைசி ஆயுதமாக இருக்கட்டும். செல்போனில் 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். வீட்டு இணைப்பில் அப்படி இல்லை. புது ஒயர், புது மோடம், புது டெபாசிட்! ஆகவே விடுவதற்கு முன் புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். 2012ஆம் ஆண்டு டிராய் விதிகளின்படி அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புச் சேவைக்கும் அந்த வழி உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எங்கள் டெபாசிட் இன்னும் திரும்பி வரவில்லை. புகார் எண் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

புது நிறுவனத்தில் கையெழுத்துப் போடும் முன் அப்பாவே கேட்டார்: "ஒரு சைட்டு தொறக்கலைன்னா, ஏன்னு என் பொண்ணுக்குச் சொல்லுவீங்களா சார்?" ஒயர் இழுக்க வந்த அண்ணன் சிரித்தார். சிரிக்கட்டும் நண்பர்களே! ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். நாம் நூறு பேரும் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

கேட்போம்!

– மூன்றாமாண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை