வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள்!



நம் வீடுகளில் எவரேனும் அயல்நாட்டுப் பயணம் புறப்பட்டால், துணிமணிகளுக்கு முன்பே பெட்டிக்குள் இடம் பிடித்துவிடுபவை ஊறுகாய்ப் போத்தலும் மாசிச் சம்பலும்தாம். "போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ, எதைத் தின்னலாமோ, எதைத் தின்னக் கூடாதோ" என்று வீட்டுப் பெரியவர்கள் படும் கவலை அந்தப் போத்தலுக்குள் அடைபட்டிருக்கிறது. அக்கவலை நியாயமானது. ஆயினும் அக்கவலையே பயணம் முழுவதையும் விழுங்கிவிடலாகாது என்பதைச் சொல்லவே இம்மாதம் உங்களைத் தென் கொரியாவின் துறைமுக நகரமான பூசானுக்கு அழைக்கிறேன்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று அந்நாட்டில் உயர்கல்வி கற்கின்றனர். ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிகின்றனர். இலங்கையிலிருந்து உழைக்கச் சென்றோரும் அங்கே உண்டு. அவர்களைக் காணப் பெற்றோர் செல்கின்றனர். மனைவி மக்கள் சென்று சேர்கின்றனர். இரண்டு நாள் விடுமுறை வாய்த்தால் தலைநகர் சியோலிலிருந்து அதிவேக ரயிலேறி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்குள் பூசானை அடைந்துவிடலாம். அங்கே ஓர் ஓட்டலில் இரண்டு இரவு தங்கிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் உணவு? பன்றி இறைச்சியும் மதுவும் மலிந்த நாடாயிற்றே! எனவே பலர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கொண்டு வந்த ரொட்டியையும் ஊறுகாயையும் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். பூசானின் ஓட்டலை அவர்கள் கண்டார்கள், பூசானைக் காணவில்லை.

தங்குமிடத்தை எங்கே தேர்ந்துகொள்வது என்பதில் முதல் முடிவு இருக்கிறது. கடற்கரை அழகுக்குப் பேர்போன ஹேஉந்தே பகுதியில் வானளாவிய ஓட்டல்கள் உண்டு. நானோ, பழைய நகரப் பகுதியான நாம்போவில் ஒரு சிறிய ஓட்டலைத் தேடுங்கள் என்பேன். அங்கிருந்து மூன்று சந்தைகளுக்கு நடந்தே போகலாம். அறையெடுக்கும்போது காலை உணவு சேராத கட்டணத்தைக் கேளுங்கள். நாம் தொடமுடியாத பண்டங்கள் பாதி மேசையை நிறைத்திருக்கும் விருந்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கொரிய முறையில் அமைந்த அறை கிடைத்தால் அதையே எடுங்கள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். கட்டில் இராது, தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். குளிர்காலத்தில் அத்தரைக்கு அடியிலிருந்து வெப்பம் எழும். 'ஒந்தோல்' எனப்படும் இம்முறை, முற்காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்குக் கீழுள்ள கல்வழிகளில் செலுத்தி வீட்டைச் சூடாக்கியதிலிருந்து வந்தது. இன்று வெந்நீர்க் குழாய்கள் அவ்வேலையைச் செய்கின்றன. பாய் விரித்துப் பழகிய நம்மவர்க்கும், தூய தரையில் தொழ விரும்புவோர்க்கும் இதைவிட இசைவான அறை வேறெது?

ஓட்டலின் முகப்பில் இருப்பவரிடம் ஓர் உதவி கேளுங்கள். ஒரு சிறிய அட்டையில் மூன்று வரிகளைக் கொரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நாங்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை, பிற இறைச்சியும் வேண்டாம், சமையலில் மது சேர்க்காதீர்கள்." அட்டை கைவசம் இல்லாவிட்டால், "துவேஜி கோகி ஆன் மோகோயோ" என்ற சொற்களையாவது மனனம் செய்துகொள்ளுங்கள், பன்றி இறைச்சி உண்பதில்லை என்பது அதன் பொருள். இலை வந்த பிறகு முகம் சுளித்து ஒதுக்குவது விருந்து படைப்பவரைப் புண்படுத்தும். அடுப்பு மூட்டும் முன்பே கனிவோடு சொல்லிவிட்டால், அவருக்கும் மனக்குறையில்லை, நமக்கும் ஐயமில்லை.

இனிச் சந்தைக்குள் நுழைவோம். ஆனால் அதன் வாசலில் ஒரு கணம் நின்று, அது எப்படிப் பிறந்தது என்று கேட்டறிய வேண்டும்.

1950 ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. நாட்டின் பெரும்பகுதி எதிரியின் கையில் வீழ்ந்தபோதும் தென்கிழக்கு முனையிலிருந்த பூசான் வீழவில்லை. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் அதுவே தற்காலிகத் தலைநகராயிற்று. வடக்கிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் உயிர் பிழைத்தோர் அனைவரும் அந்நகரை நோக்கி ஓடிவந்தனர். மலைச்சரிவுகளில் பலகையாலும் தகரத்தாலும் குடிசை எழுப்பினர். அமி என்னும் பகுதியில், ஜப்பானியர் விட்டுச்சென்ற இடுகாட்டின் மீதே, கல்லறைக் கற்களை அடித்தளமாக வைத்து வீடு கட்டிக்கொண்டனர் என்றால் அவர்கள் பட்ட பாட்டை என்னென்பது!

நாம்போவின் ஓரத்தில் யோங்தோ பாலம் இருக்கிறது. 1934இல் திறக்கப்பட்ட அப்பாலம், கப்பல்களுக்கு வழிவிட ஒரு பக்கம் மேலெழும்பும் அமைப்புடையது. நாடு முழுவதும் பெயரறிந்த இடமாதலால், ஓடும் வழியில் பிரிய நேர்ந்தவர்கள், "பூசானில் யோங்தோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிப் பிரிந்தனர். சொன்னபடி வந்து, நாள்தோறும் காத்து நின்று, தேடுவோரின் பெயரைத் தாளில் எழுதி அங்கே ஒட்டிவைத்தவர்கள் எத்தனையோ பேர். சிலர் சந்தித்தனர். பலர் கடைசிவரை சந்திக்கவில்லை. 1953இல் போர் ஓய்ந்தபோது நாட்டின் நடுவே விழுந்த கோடு இன்றளவும் அழியவில்லை.

காத்திருந்தவர்கள் எதை உண்டு வாழ்ந்தார்கள்? கையில் எஞ்சியதை விற்றும், கிடைத்ததை வாங்கியும் வாழ்ந்தார்கள். அப்படி வளர்ந்தவையே இந்தச் சந்தைகள். 'சர்வதேசச் சந்தை' எனப் பொருள்படும் குக்ஜே சந்தை, 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபின் தோன்றிப் போர்க்கால அகதிகளால் பெருகியது. அதையடுத்த புப்யோங் சந்தைக்குக் 'கங்தோங்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. தகர டப்பா என்று பொருள். அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வெளிவந்த டப்பா உணவுகள் அங்கே விற்கப்பட்டதால் வந்த பெயர் அது.

அந்த நகரத்தின் புகழ்பெற்ற உணவுகளில் ஒன்று 'மில்மியோன்'. மில் என்றால் கோதுமை. வடக்கே மரக்கோதுமை மாவிலும் கிழங்கு மாவிலும் செய்த குளிர்ந்த சேமியாவை உண்டு பழகியவர்கள், பூசானில் அம்மாவு கிடைக்காமல் தவித்தனர். உதவிப் பொருளாக வந்த கோதுமை மாவில் அதைச் செய்துகொண்டனர். ஊரை இழந்தவர்கள் ஊரின் சுவையை வேறொரு மாவில் தேடியதே அவ்வுணவு. அதன் சாறு பெரும்பாலும் எலும்பில் காய்ச்சப்படுவதால் விசாரித்தறியாமல் நாம் உண்ண இயலாது. அந்நகரின் மற்றொரு பெருமையான 'துவேஜி குக்பாப்' பன்றிச்சாறு ஊற்றிய சோறு. அது நமக்கு முற்றிலும் விலக்கு. விலக்கானதை விலக்குவோம். ஆனால் பட்டினியோடு போராடிய மக்களின் பாத்திரத்தை இகழ்ச்சியோடு பாராமல் கடந்து செல்வோம்.

நமக்குரிய உணவு மீன் சந்தையில் காத்திருக்கிறது. 'ஜகல்ச்சி' என்பது அதன் பெயர். கூழாங்கல் நிறைந்த கரை என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வர். ரப்பர் காலணியும் மெழுகுத்துணி மேலாடையும் அணிந்து, தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நின்று குரல் கொடுக்கும் பெண்களின் ஆட்சியே அங்கு நடக்கிறது. போரில் குடும்பத்தின் ஆண்துணையை இழந்த பெண்கள் பலர் கூடையில் மீனேந்தி இங்கே தம் பிள்ளைகளை வளர்த்தனர். 'ஜகல்ச்சி அஜிமே' என்று பூசான் வட்டார வழக்கில் அவர்களை மதிப்போடு அழைப்பர். "ஒய்சோ, பொய்சோ, சய்சோ" என்பது அச்சந்தையின் விழாவுக்குரிய அழைப்பு. வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள்!

கீழ்த்தளத்தில் மீனைத் தேர்ந்து வாங்கி, மேல்தளத்து உணவகத்தில் கொடுத்துச் சமைத்து உண்ணும் வழக்கம் அங்குண்டு. மேசைக்கும் சமையலுக்கும் தனிக் கட்டணம். விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொரியர் பலர் மீனைப் பச்சையாகவே மெல்லிய துண்டுகளாக்கி உண்பர். வெட்டிய பிறகும் நெளியும் பேய்க்கணவாயின் கைகளையும் உண்பர். நாம் சுட்ட மீனைக் கேட்போம். பூசான் நகரம் தன் அடையாள மீனாக அறிவித்திருக்கும் 'கொதுங்கோ', நாமறிந்த கானாங்கெளுத்தியின் இனம். 'கல்ச்சி' என்பது நம் வாளை மீன். "சோகும்மான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். உப்பு மட்டும் என்று பொருள். மீன் வாடை போக்கச் சிலர் சமையல் மது தெளிப்பதுண்டு. அதை இந்த ஒரு சொல் தடுத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். கடலோர ஊர்களில் ஷாபியீ வழியைப் பின்பற்றுவோர்க்குக் கடல்வாழ் உயிரினங்களில் விரிந்த அனுமதி உண்டு. ஹனஃபி வழியினர்க்கோ மீன் மட்டுமே. நண்டு, கணவாய், சிப்பி ஆகியன இல்லை. இரு வழியினரும் கலந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். மருமகள் நண்டை நாடுவாள்; மாமனார் மீனோடு நிற்பார். ஒருவரையொருவர் குறை கூறாமல் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண ஜகல்ச்சியை விடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை!

மாலை மங்கியபின் புப்யோங் சந்தைக்குச் செல்லுங்கள். 2013இல் அங்கே நிரந்தர இரவுச் சந்தை தொடங்கப்பட்டது. கொரியாவில் அதுவே முதலாவது. செம்பயறு வேகவைத்துக் குழைத்த 'பத்ஜுக்', மஞ்சள் பூசணிக் கஞ்சியான 'ஹோபாக்ஜுக்' ஆகியவற்றைச் சுடச்சுடக் கிண்ணத்தில் வார்த்துத் தருவர். நோன்புக் கஞ்சியின் நினைவு வராமல் போகாது. சர்க்கரை பொதிந்த மாவை வார்த்துப் பொரித்து, வயிற்றைக் கீறிச் சூரியகாந்தி, பூசணி விதைகளைத் திணித்துத் தரும் 'ஹோத்தோக்' பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியில் செருகிய 'ஓமுக்' மீனரைத்த பண்டம். சிலவற்றில் வேறு சேர்க்கையும் இருக்கலாமாதலால் அட்டையைக் காட்டி விசாரியுங்கள். கடையில் வாங்கும் மிளகாய்ப் பசையிலும் சோயாச் சாற்றிலும் கெடாதிருக்க மதுசாரம் சேர்ப்பதுண்டு. சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிய பின் வாங்குங்கள்.

விற்பவளை என்னவென்று விளிப்பது? கொரியர் 'இமோ' என்கின்றனர். தாயின் உடன்பிறந்தாள் என்று பொருள். நாம் சாச்சி என்றோ சின்னம்மா என்றோ அழைப்பதைப் போன்றதே. அருகில் நிற்கும் கொரியக் குழந்தை தன் தந்தையை 'அப்பா' என்று அழைப்பதும் உங்கள் காதில் விழும், திடுக்கிட்டுத் திரும்பாதீர்கள்! காசைக் கொடுக்கும்போதும் பண்டத்தை வாங்கும்போதும் இரு கைகளையும் நீட்டுவது அவர்களின் பண்பாடு. பெரியவர் முதலில் கரண்டியை எடுத்த பின்னரே இளையவர் உண்பர். இனாம் கொடுக்கும் வழக்கமில்லை. மாறாக, 'தோம்' என்று அவர்களே ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப்போடுவர். நம்மூர்ச் சந்தையின் கொசுறுதான் அது! இமோ என்றழைத்து, இரு கைநீட்டி வாங்கியவர்க்கு அந்தக் கொசுறு தவறாது கிடைக்கும்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால், ஜகல்ச்சியிலிருந்து முதலாம் தடச் சுரங்க ரயிலேறி வடக்கே துசில் நிலையத்தில் இறங்குங்கள். அருகில் 1980இல் திறக்கப்பட்ட அல்ஃபதஹ் பள்ளிவாசல் உள்ளது. பூசானின் ஐ.நா. நினைவு மயானத்தையும் காண நேரமிருந்தால் காணுங்கள். அந்தப் போரில் மாண்ட துருக்கி வீரர் 462 பேர் அங்கே அடக்கமாகியுள்ளனர். துருக்கிப் படையோடு வந்த இமாம்கள் வழியாகவே 1955 வாக்கில் கொரியர் சிலர் இஸ்லாத்தை அறியலாயினர். சியோலின் மத்தியப் பள்ளிவாசல் 1976இல் எழுந்தது.

அன்பர்களே! ஊறுகாய்ப் போத்தலை எடுத்துச் செல்லுங்கள். வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திறக்கும் முன் ஒருமுறை சந்தைக்கு நடந்து போங்கள். நம் வரம்பு நம்மை அறைக்குள் பூட்டுவதற்கு வந்ததன்று. எதை உண்ணலாம் என்று மனிதரிடம் சென்று கேட்கவைக்கும் வாயில் அது. கேட்கும்போதுதான் பேச்சு பிறக்கிறது. பேசும்போதுதான் அந்நியர் இமோவாகிறார். உப்பு மட்டும் தூவிச் சுட்ட அந்த வாளை மீனை, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிட்டு உண்ணும்போது, அதை விற்ற கைகளுக்கும், பாலத்தில் காத்திருந்து கண்மூடிய அவர்தம் முன்னோர் பட்ட பசிக்கும் உங்கள் நெஞ்சில் சிறிது இடம் ஒதுக்குங்கள்.